அரைப் பேர்

நோர்வூட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
போட்டோகொப்பி, ரீலோட், கடிதம் டைப் அடித்தல்.
மூன்றுக்கும் ஒரே மேசை. ஒரே ஆள், நான்.

கீழ்க்கணக்கிலிருந்து பெருமாயி வந்தாள்.
பின்னால் பதினொரு பெண்கள்,
பதினொரு தலையிலும் உரச்சாக்கு,
கடைக்குள் பாதி மழை.
பதினெட்டுக் கிலோவை இருபத்திரண்டாக்கி விட்டார்களாம்.
குறைந்தால் அரைப் பேர்.
"தொரைக்கு வேணாம், கொழும்புக்கு எழுது.
இங்கிலீசுல எழுது.
நாங்க கடுமையா வேலை செய்யுறோம்னு
மொத வரியிலயே போடு."

கடுமையான வேலை. கடுமையாக வேலை.
நம் மொழியில் வாசல் இரண்டும் தெளிவு:
ஆன என்றால் பெயர் வீட்டுக்கு,
ஆக என்றால் வினை வீட்டுக்கு.
ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று
ஓ.எல். வரைக்கும் படித்திருந்தேன்.
ஸ்லோ பஸ். பஸ் ஸ்லோலி ஏறும்.
பெயருக்கு முன்னால் நிற்பதைப் பிடித்து
ஒரு லி ஒட்டினால் வினையோடு போய்விடும்.
அடை என்றால் ஒட்டிக்கொள்வது,
அட்டைக்கும் அதுதான் தொழில் என்று
பெருமாயியின் கணுக்காலைப் பார்த்து நினைத்துக்கொண்டேன்.
ஹார்ட் வேர்க். சரி.
அப்படியானால்,
வி வேர்க் ஹார்ட்லி.

நூற்றைம்பது ரூபாய்.
பதினொரு கையெழுத்து, ஒரு பெருவிரல்.

ஒன்பதாம் நாள் அந்தக் கடிதமே திரும்பி வந்தது.
கடைசிச் சொல்லுக்கு அடியில் சிவப்பில் இரண்டு கோடு.
ஓரத்தில், அழகான சாய்வெழுத்தில்:
நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அகராதியைத் திறந்தேன்.
ஹார்ட், பெயர் வீட்டுக்கும் வினை வீட்டுக்கும்
அதே சேலையில் போகிறவள்.
ஃபாஸ்ட்டும் அப்படியே.
லேட்டுக்கு வால் வைத்தால்
பிந்தி வந்தது அண்மையில் வந்தது ஆகிவிடுகிறது.
ஹார்ட்லிக்கு ஹார்ட்டின் முகம்தான்,
பொருள் மட்டும்
இல்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது.
பன்னிரண்டு பேர் மழையில் நனைந்து வந்து
நாங்கள் வேலை செய்வதே இல்லை என்று
ஒப்பமிட்டுப் போயிருக்கிறார்கள்.
பெருவிரல் மையோடு.

சொல்லத்தானே வேண்டும். சொன்னேன்.
பெருமாயி சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
"ஒரு வாலு. அதுல எங்க கூட கவுந்திருச்சு."
வெளியே ஸ்டோர் லொறி நின்றிருந்தது.
"அந்தப் பெட்டியில என்னா எழுதியிருக்கு, வாசி."
ஸ்ட்ரோங், பிரைட், ஃபைன்.
வாசித்தேன்.
"கொழுந்துக்கு இத்தனையா?"

அவளுக்கு செக்ரோலில் ஓர் எண்.
எண்ணுக்கு எதிரே பேர், இல்லாவிட்டால் அரைப் பேர்.
அரைப் பேரின் முன்னால் எந்த அடை நிற்கும்?
என் பழைய இலக்கணக் கொப்பியில்
அதற்குப் பாடம் இல்லை.

"வால அறுத்துட்டியா?"
அறுத்துவிட்டேன்.
"வீசிராத.
இல்லங்கிற மாதிரிதானே அதுக்கு அர்த்தம்?
அடுத்த வரியில அவுகளுக்கு ஒட்டு."

வி வேர்க் ஹார்ட்.
யூ ஹார்ட்லி பே.

திரையில் சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை.
கீழே நிறுவைத் துண்டுகளின் பிரதி, பதினான்கு நாளுக்கு.
காசு வேண்டாம் என்றேன், தப்பு என்னுடையது.
நூற்றைம்பதை எண்ணி
ஈரத்தோடு கீபோர்டின் மேல் வைத்தாள்.
"மறுபடி அடிச்சியில்ல?
முழுப் பேரு போட்டுக்க."

பொகவந்தலாவை பஸ் மெதுவாக வந்தது.
இல்லை, அது மெதுவான பஸ்தான்.
பன்னிரண்டு பேரும் ஏறினார்கள்,
வேகமாக.